அழிக்க மறந்த எட்டு

லென்ஸ் பழுது பார்க்கும் அவனுக்குக் கடைத்தெருவில் 'துல்லியம்' என்று பட்டப்பெயர். லென்ஸைக் கையில் வாங்கியதுமே குறை சொல்லிவிடுவான் என்று பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவனும் நம்பத் தொடங்கியதுதான் வினையாகப் போயிற்று.

அன்று காலை, பெட்டி பிரிக்காத புது லென்ஸ் ஒன்று சோதனைக்கு வந்தது. அந்த வகைக்கென்று அவனிடம் ஒரு கேமரா உண்டு; எப்போதாவதுதான் அலமாரியை விட்டு இறங்கும். சாய்த்து வைத்த அளவுகோலில் நடுக்கோடு தெளிவாக விழ வேண்டும். முன்கோடு பளிச்சென்றிருக்க, நடுக்கோடு மங்கியது. மறுபடி எடுத்தான். அதே கதை. சந்தேகம் வந்து, கேமராவில் ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்தும் திருத்த அளவைத் திறந்து பார்த்தான். பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் எட்டு.

எப்போதோ யாருடைய லென்ஸுக்கோ போட்டுப் பார்த்தது. அழிக்காமல் விட்டிருக்கிறான். மைனஸ் எட்டு ஃபோகஸை முன்னால் இழுக்கும். பின்னால் தள்ளிப் பார்க்கும் கோணல் லென்ஸ்கூட இந்தக் கேமராவில் நல்ல பிள்ளையாக நடிக்கும். கடைசியாக இதில் மாட்டிப் பார்த்தது மாமாவின் லென்ஸ்.

மாமா அக்காவின் கணவர். கல்யாணப் படம் எடுப்பதே அவர் பிழைப்பு. இவனுக்குக் குழந்தை பிறப்பதற்குச் சற்று முன்னால், படமெல்லாம் மங்குகிறது என்று லென்ஸை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தார். நாலு போட்டோகிராபர்கள் நின்ற கடையில் இவன் சோதித்துவிட்டு, வாய்க்கொழுப்பில் சொன்னான்:

"லென்ஸ் கல்லு மாதிரி இருக்கு மாமா. உங்க கைதான் டான்ஸ் ஆடுது."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கேமராவைத் தொடவில்லை.

கடையைச் சாத்திவிட்டு நேரே அக்கா வீட்டுக்கு ஓடினான். கைக்குழந்தையோடு மனைவியும் அங்கேதான் இருந்தாள். அவனைக் கண்டதும் வாசலுக்கு வந்து முணுமுணுத்தாள்.

"உங்க மாமா அப்படி என்ன பிகு பண்ணிக்கிறாரு? பொறந்ததுலேருந்து நம்ம புள்ளைய ஒரு தடவகூட தூக்கல. இன்னைக்கும் நீட்டுறேன், கைய பின்னால கட்டிக்கிறாரு."

அவனும் அதைச் சொல்லிச் சொல்லி மாமாவைக் கரித்துக்கொட்டியவன்தான். இப்போது காரணம் புரிந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாமா கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், சின்னப் பிள்ளை பிடிப்பதுபோல.

"மாமா, தப்பு என்னோடது. உங்க கை நல்லாத்தான் இருக்கு. லென்ஸ்தான் கோணல்."

"ஆறுதலுக்குச் சொல்றியா?"

"சத்தியமா இல்ல மாமா. என் கேமராவ நான் சரியா வைக்கல. அதுல பாத்துட்டு, நாலு பேர் முன்னாடி உங்கள..." நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாமா திட்டியிருந்தால் தேவலை. டம்ளரை வைத்துவிட்டுத் தன் விரல்களையே பார்த்தார்.

"நெசமாவே நடுங்குற மாதிரி இருந்துச்சு மாப்ள. நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்? புள்ளைய கீழ போட்டுட்டா என்ன பண்றதுன்னுதான்..."

அவன் மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கி நீட்டினான். மாமா தயங்கித் தயங்கி வாங்கினார். கை இம்மிகூட ஆடவில்லை.

"அந்த நாலு பேரையும் கூப்பிட்டு, அவங்க முன்னாடியே சொல்லிடுறேன் மாமா."

"அதெல்லாம் கெடக்கட்டும்" என்றார் மாமா, குழந்தையின் முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல். "இவளுக்குக் கழுத்து நின்னுடுச்சே! எப்ப நின்னுச்சு?"