உள்ளே பச்சை

அக்டோபரின் கடைசி சனிக்கிழமை. ஏரியோரம் மெல்லிய பனிக்கட்டி பிடித்திருந்தது. திங்கள் முதல் கடுங்குளிர் என்று வானொலி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. ஆர்லன் கராஜ் கதவைத் திறந்து, தன் பந்தயக் காரின் முன்னால் வெகுநேரம் சும்மா நின்றான்.

இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே இருந்தது வெறும் தண்ணீர். பந்தயத் தடத்தில் அதுதான் சட்டம். சாதாரணக் கார்களில் ஊற்றும் பச்சைத் திரவம் கடுங்குளிரிலும் உறையாது. ஆனால் தாரில் சிந்தினால் சோப்பாக வழுக்கும். அதனால் வசந்தத்தில் பச்சையைக் கழுவித் தண்ணீர் ஊற்றுவார்கள்; பனிக்கு முன் தண்ணீரை வடித்துப் பச்சை ஊற்றுவார்கள். உள்ளே எது இருக்கிறது என்று ஸ்டீயரிங்கில் டேப் ஒட்டி எழுதிவைப்பது வழக்கம்.

போன குளிர்காலத்தில் ஆர்லன் எழுதவில்லை. என் காரைப் பற்றி எனக்கே தெரியாதா என்று விட்டுவிட்டான். வசந்தத்தில் பச்சையைக் கழுவ மறந்தும்போனான். மே மாதம், மூன்றாவது வளைவில் குழாய் வெடித்துப் பச்சை கொட்டியது. பின்னால் வந்த ஜோலீனின் கார் அதில் வழுக்கிச் சுவரில் மோதியது. அவளுக்குத் தோளெலும்பு முறிந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்; எட்டு வாரம் வீட்டில் முடங்கினாள். ஆர்லனுக்கு ஆண்டு முடியும்வரை பந்தயத்தில் ஓட்டத் தடை. அன்று மாலையே குழாயை மாற்றி, பச்சையைக் கழுவித் தண்ணீர் ஊற்றினான். அதன்பின் தொடவில்லை. அவளையும் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்தான். தண்ணீர் வடிந்தது. இன்ஜினின் பக்கவாட்டில், புகைக்குழாய்க்குப் பின்னால், உள்ளே தங்கும் தண்ணீரை வடிக்க இன்னொரு அடைப்பு உண்டு. ஸ்பானரை வைத்து ஒருமுறை அழுத்தினான். அசையவில்லை. மறுமுறை அழுத்தவில்லை. உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து இன்ஜின் பிளந்துபோனால், அடுத்த வருடம் ஓட்டுவதா வேண்டாமா என்ற கேள்வியே இருக்காதே. இந்த நினைப்பு அவனுக்கு ஒருவித ஆறுதலாக இருந்தது.

பச்சையை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டான்.

"யோவ் ஆர்லன்! சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. உயிரோடதான் இருக்கியா?"

ஜோலீன். கையில் காப்பி பிளாஸ்க். இடது தோள் சற்றே இறங்கியிருந்தது. ஆர்லன் இன்ஜினை நிறுத்தினான்.

"அஞ்சு மாசமா ஒரு போன் இல்ல. முறிஞ்சது என் எலும்பா, உன் நாக்கா?"

இன்ஜின் சூடு தணியும்வரை அவள் காப்பி குடித்தாள். பிறகு அலமாரியிலிருந்து, பச்சை எவ்வளவு குளிர் தாங்கும் என்று காட்டும் சோதனைக் குமிழை எடுத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கொஞ்சம் உறிஞ்சி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது என்னய்யா? மைனஸ் முப்பத்தஞ்சு காட்டணும். முள்ளு மைனஸ் பத்தையே தாண்டல. உள்ள தண்ணி நிக்குது. பக்கத்து அடைப்பத் தொறந்தியா இல்லியா?"

"இறுகிப்போச்சு."

"எத்தன தடவ முயற்சி பண்ண?"

"ஒரு தடவ."

அவள் குமிழைக் கீழே வைத்தாள். சூடான இரும்பு எங்கோ டிக் டிக்கென்று குளிர்ந்துகொண்டிருந்தது.

"வேணும்னேதான் விட்ட," என்றாள் மெதுவாக. "செத்தா சாகட்டும்னு. அப்பிடித்தானே?"

"அந்த வளைவுக்கு மறுபடி போற தைரியம் எனக்கு இல்ல, ஜோலீன்."

"எனக்கு மட்டும் இருக்கா? சுவத்துல மோதினவ நானு. ஏப்ரல்ல போகத்தான் போறேன். ஸ்பானர எடு."

அடைப்பைச் சுற்றி எண்ணெய் விட்டுக் கால்மணி நேரம் ஊறவிட்டார்கள். ஸ்பானரின் பிடியில் நீளக் குழாயைச் சொருகி ஆர்லன் பிடித்துக்கொண்டான். ஜோலீன் பலகைமேல் மல்லாந்து படுத்து, பூட்ஸ் காலைக் குழாய்மேல் வைத்தாள்.

"தோள்தான் போச்சு. காலுக்கு என்ன கேடு? பிடி!"

படீரென்று ஒரு சத்தம். உடைந்ததோ என்று ஆர்லன் கண்ணை மூடினான். அடுத்த கணம் வெதுவெதுப்பான துருத்தண்ணீர் அவன் சட்டைக்கைக்குள் பாய்ந்தது.

"ஞானஸ்நானம் ஆச்சு," என்றாள் அவள். அவன் சிரித்துவிட்டான். தன் சிரிப்பு அவனுக்கே புதிதாகக் கேட்டது.

கடைசிச் சொட்டுவரை வடித்து, அடைத்து, புதிதாகப் பச்சை ஊற்றி, மேல்குழாய் சூடாகும்வரை ஓடவிட்டார்கள். ஆறியபின் இந்தமுறை அவனே குமிழைப் பிடித்தான். முள் மைனஸ் முப்பத்துநான்கில் நின்றது.

ஜோலீன் டேப்பைக் கிழித்து ஸ்டீயரிங்கில் ஒட்டி எழுதினாள்: 'உள்ளே பச்சை. ஏப்ரல் மூன்றாம் சனி கழுவணும். ரெண்டு பேரும்.'

"நீ எதுக்கு?"

"உன்னத் தனியா விட்டா மறுபடி எனக்குத்தானய்யா எலும்பு முறியும்."

அவன் பேனாவுக்குக் கை நீட்டினான். அவள் கொடுத்தாள். அவள் எழுத்துக்குக் கீழே சேர்த்தான்: 'காலை எட்டு மணி.'