மூன்று விரல்

அன்று ஆலை மன்றத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வராதவர்களெல்லாம் வந்ததாகப் பேசித் திரிகிறார்கள். படத்தை எடுத்த வாதிம் ஆர்கதியேவிச். கட்சிச் செயலாளர் குரோபத்கின். மன்ற நிர்வாகியான என் மாப்பிள்ளை கென்னாதி, என் மகள் உஸ்தீன்யா. பக்கத்து வீட்டு லுகேரியா. மரம் அறுக்கும் பிரிவின் ஆட்கள் இரண்டு வரிசை. முன் நாற்காலியில் நான், தெரெந்தி கொஷெலேவ். படத்தின் நாயகன் யெர்மில் என் தம்பி. புரட்சிக்குப் பிந்தைய சண்டையில் புரட்சியை எதிர்த்த வெள்ளைப் படை அவனைச் சுட்டுக் கொன்றது.

படம் முடிந்ததும் நான் மேடையேறி, எங்கள் வீட்டில் எல்லாம் இப்படித்தான் நடந்தது என்று சொல்ல வேண்டும். அதைப் படம்பிடித்துத் தொடக்கத்தில் ஒட்ட ஒரு ஆள் காமிராவோடு காத்திருந்தான்.

திரையில் தம்பி குதிரையில் பாய்ந்து வந்தான். அவனுக்குக் குதிரை ஏறத் தெரியாது, போகட்டும் என்றிருந்தேன். முதலாளியை ஒரே குத்தில் சாய்த்தான், அதுவும் போகட்டும். பிறகு எங்கள் அம்மா அகாஃப்யா வந்தாள். வெள்ளை அதிகாரியின் பூட்ஸைக் கட்டிக்கொண்டு, மகனை விட்டுவிடும்படி கதறினாள். மூன்று விரல்களைச் சேர்த்துச் சிலுவை போட்டாள்.

"அடப்பாவிகளா, அகாஃப்யா அக்காவ ஜார் கோயில்ல சேத்துட்டானுங்களே!" என்று லுகேரியா பின்னாலிருந்து கத்தினாள்.

நாங்கள் இரண்டு விரல்காரர்கள், பழைய முறைப்படி இரண்டு விரலால் சிலுவை போடுகிறவர்கள். மூன்று விரல், முந்நூறு வருஷத்துக்கு முன் ஜாரின் ஆட்கள் கோயிலில் திணித்தது. அதை மறுத்து எங்கள் முன்னோர் நாக்கு அறுபட்டார்கள், எரிந்து செத்தார்கள். மிஞ்சியவர்கள் இந்த உரால் காட்டுக்குள் ஓடிவந்தார்கள். தம்பியைப் பிடித்துப்போன காலையில் அம்மா வாசலில் நின்று இரண்டு விரலால் அவனை ஆசீர்வதித்தாள். அழவில்லை. அதிகாரி குடிக்கத் தண்ணீர் கேட்டான். எங்கள் குவளையை வெளியாளுக்குத் தரமாட்டோம். அம்மா குதிரைத் தொட்டியைக் கைகாட்டினாள்.

விளக்கு எரிந்ததும் கென்னாதி என் காதருகே குனிந்தான்.

"மாமா, உங்க கால்ல விழுறேன். ரெண்டு வார்த்த சொல்லிட்டு இறங்கிடுங்க. இல்லன்னா என் வேலை போயிடும்."

"உன் வேலைக்காக எங்க அம்மா கண்டவன் பூட்ஸக் கட்டிக்கணுமா?"

உஸ்தீன்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேடையேறினேன். வாதிம் ஆர்கதியேவிச் சிரித்தபடி கை நீட்டினார். நான் கை கொடுக்கவில்லை.

"படத்துல வந்த பொம்பள யாரு?"

"உங்க அம்மாதான், பெரியவரே!"

"எங்க அம்மா சாமி முன்னால தவிர யார் முன்னாலயும் மண்டி போட்டதில்ல. மூணு விரலும் அவளுக்குத் தெரியாது."

"படம் பாக்குறவன் விரலயா எண்ணிட்டிருப்பான்?"

"எங்க ஊர்ல எண்ணுவோம்."

"அவருக்கும் எண்ணக் கத்துக் குடுங்க தாத்தா!" என்று மரம் அறுக்கும் ஆட்களில் ஒருவன் குரல் கொடுக்க, இரண்டு வரிசையும் சிரித்தது.

குரோபத்கின் எழுந்தார். "பெரியவரே, உங்க தம்பி கடவுளே இல்லன்னவரு. இப்ப எதுக்கு சாமி பேச்சு?"

"இல்லன்னு சொன்னான். அது அவன் பாடு. ஆனா அம்மாவக் கோழைன்னு அவன் ஒரு நாளும் சொல்லல. நீங்க சொல்லிட்டீங்க."

காமிராவைப் பார்த்துத் திரும்பி, குதிரைத் தொட்டி விஷயத்தை முழுதாகச் சொன்னேன்.

"நிறுத்துய்யா அத!" என்று குரோபத்கின் காமிராக்காரனிடம் கத்தினார். நான் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

என் பேச்சைப் படத்தில் சேர்க்கவில்லை. அம்மா ஊர் ஊராக இன்னும் அந்தப் பூட்ஸைக் கட்டிக்கொண்டுதான் அழுகிறாள். கென்னாதியை மன்றத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆலை முற்றத்தில் பலகை அடுக்குகிறான், எனக்கு வணக்கம் சொல்வதில்லை. உஸ்தீன்யா தனியாக வந்து போகிறாள். நாளைக்குக் கூப்பிட்டாலும் மேடையேறி இதையேதான் சொல்வேன்.

அன்று நான் வோட்கா குடித்துவிட்டு உளறியதாக ஊரில் பேச்சு. நான் குடித்திருக்கவில்லை.