மாவு மில்லின் மாடியில் ஒரு கட்டில்

பொழுது சாய்ந்து மணி அடித்ததும் கிராமத்து ஆட்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லாரும் மாவு மில்லின் பின்சுவரிடம் போய் நின்றார்கள். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, சுவரில் மூக்கு உரச நின்றார்கள். கால்கள் மட்டும் நடந்துகொண்டே இருந்தன. விடியும்வரை அப்படித்தான். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சித்திக்கு அதன் காரணம் பிடிபடவே இல்லை.

அது ஒரு கணினி விளையாட்டு. அதில் ஜெயிப்பது தோற்பது என்று எதுவும் கிடையாது. நிலத்தை வெட்டலாம், வீடு கட்டலாம், ஆட்களைக் குடியேற்றலாம். குடியேறியவர்களைக் கணினியே நடத்தும். இந்த ஊரைக் கட்டியவள் குட்டி, சித்தியின் கணவருடைய முதல் தாரத்து மகள். சித்தி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து குட்டி அவளிடம் எதையும் கேட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அடுத்த அறையிலிருக்கும் அப்பாவைத்தான் கூப்பிடுவாள். விடுமுறைக்குத் தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிய அன்று, ஷூ மாட்டியபடி, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்:

"நான் வர்ற வரைக்கும் என் ஊரைப் பாத்துக்குவீங்களா?"

முதல்முறையாகக் கேட்டது அது. அந்த ஊர்தான் இப்போது கண்முன்னே கலைந்துகொண்டிருந்தது.

சித்தி லிஃப்ட் மெக்கானிக். ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் அதைத் தொடமாட்டாள். அதனால் ஊரின் விதிகளை முதலிலேயே படித்து வைத்திருந்தாள். ராத்திரி தூங்காதவர் மறுநாள் வேலைக்குப் போகமாட்டார். தொடர்ந்து வேலைக்குப் போகாதவர், அவரவர் பொறுமை தீர்ந்ததும், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டு நடந்துவிடுவார். போனவர் திரும்புவதில்லை. கொல்லர் போய்விட்டார். அவருக்குப் பின்னால் மீன்காரம்மாவும் போனாள். அடுத்து போகப்போகிறவர் வழுக்கை வாத்தியார்தான் போலிருந்தது.

வாத்தியாரிடம் ஏற்கெனவே ஒரு கோளாறு இருந்தது. பிள்ளைகளை விட்டுவிட்டுக் கோழிகளுக்குப் பாடம் நடத்துவார். காலையில் பள்ளிக்கூடத்து வாசலில் கோழிகள் கூடும். அவர் ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையாட்டுவார். அதைச் சரிசெய்ய வழி இருந்தும் குட்டி விடவில்லை. "அவரு அப்படித்தான்" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்ததை சித்தி கேட்டிருக்கிறாள்.

"விளையாட்டுதானே" என்றார் கணவர், காய் நறுக்கிக்கொண்டே. "அழிச்சிட்டுப் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுக் குடுத்தாப் போச்சு."

"உங்க பொண்ணு முகத்தைப் பாத்து நீங்களே சொல்லுங்க."

"ஐயோ, என்னை ஏம்மா கோத்து விடுற?"

சித்தி என்னென்னவோ செய்து பார்த்தாள். இருட்டுக்குப் பயப்படுகிறார்களோ என்று தெருவெல்லாம் விளக்கு வைத்தாள். படுக்கை போதவில்லையோ என்று ஊர்க்கோடியில் புதிதாகக் கட்டில்கள் போட்டாள். மில்லின் பின்சுவரோரம் வேலி கட்டினாள். வேலிக்கு வெளியே நின்று முட்டினார்கள். அவளால் வைக்கத்தான் முடிந்தது. அந்த ஊரில் அவள் விருந்தாளி. விருந்தாளி எதை வேண்டுமானாலும் வைக்கலாம், எதையும் எடுக்கவோ இடிக்கவோ கூடாது. தன்னுடையது என்று ஒரு கட்டிலில் படுக்கவும் முடியாது. ஊரின் சொந்தக்காரி அப்படித்தான் அமைத்திருந்தாள்.

மறுநாள் ஓர் அலுவலகக் கட்டிடத்தில் வேலை. லிஃப்ட் யார் கூப்பிட்டாலும் ஒழுங்காகப் போகாமல் நாலாவது மாடிக்கே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நிற்கும், கதவைத் திறக்கப் பார்த்து முனகும், கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். கூட வேலை பார்க்கும் போல்ட்டு, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"அக்கா, இதுக்குப் பேய் புடிச்சிருச்சு. ஸ்பேனர் வேணாம், வேப்பிலை கொண்டு வரேன்."

"பேசாம மேல வா."

நாலாவது மாடி காலியாக இருந்தது. வாடகைக்கு இருந்தவர்கள் போய்விட்டார்கள். லிஃப்ட் கதவுக்கு வெளிப்பக்கமாகப் பூட்டு. பக்கத்தில் அழைப்புப் பட்டன் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"யாரோ பட்டனை அமுக்கிட்டு, கதவையும் பூட்டிட்டு, படியில இறங்கிப் போயிருக்காங்க" என்றாள் சித்தி. "இது பழைய மாடல்டா. லிஃப்ட் வந்து நின்னா மட்டும் போதாது, கதவு திறந்தாத்தான் விளக்கு அணையும். கதவு திறக்கப்போறதில்ல. அதனால கூப்பிட்ட குரல் தீராது. தீராத வரைக்கும் இதுவும் ஓடி ஓடி வரும்."

"பாவம், நல்ல வேலைக்காரன்" என்றான் போல்ட்டு. "சொன்னதை மட்டும் செய்யுது."

திருப்புளி கையிலேயே நிற்க, சித்தி அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா?"

"கட்டில்" என்றாள்.

"எது?"

"ஒண்ணுமில்ல. பூட்டைத் திற."

ஊரைப் பொறுப்பேற்ற புதிதில், மாவு மில்லின் மாடியில், பின்சுவரை ஒட்டி, அவள் ஒரு கட்டில் போட்டிருந்தாள். நீலப் போர்வை, தலைமாட்டில் ஜன்னல். அந்த ஜன்னலிலிருந்து ஆறும் வயலும் ஊர் முழுவதும் தெரியும். குட்டி வந்ததும் காட்டவேண்டும் என்று நினைத்திருந்தாள். மாடிக்குப் போக உள்ளே ஓர் ஏணி மட்டும்தான்.

கிராமத்து ஆட்களுக்கு நிரந்தரப் படுக்கை கிடையாது. மணி அடித்ததும் ஒவ்வொருவரும் தனக்கு மிக அருகில் காலியாக இருக்கும் கட்டிலைத் தேடுவார்கள். யாராவது ஒருவர் அதில் படுத்துவிட்டால் அது காலி இல்லை. மற்றவர்கள் அடுத்த கட்டிலுக்குத் திரும்புவார்கள். இப்படியே எல்லாருக்கும் இடம் கிடைத்துவிடும். அருகில் என்பதை அவர்கள் நேர்கோட்டில் அளக்கிறார்கள், பாதையைப் பார்ப்பதில்லை. ஊர் நடுவில் இருந்த மாடிக் கட்டில்தான் எல்லாருக்கும் அருகில். ஆனால் இந்த ஆட்களுக்குப் படி ஏறத் தெரியும், ஏணி ஏறத் தெரியாது. யாரும் அதை எட்டப்போவதில்லை. அதனால் அது காலியாகவே இருக்கும். காலியாக இருக்கும்வரை ஊரே அதைத் தேடி வரும். ஆசையாகப் போட்ட ஒரு கட்டில் ஊரையே தூங்கவிடாமல் செய்திருந்தது.

அதை எடுத்துவிட்டால் போதும். விருந்தாளியால் எடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் கைபேசியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். குட்டியின் அம்மாவோடு அவள் இதுவரை பேசியதில்லை.

"ஹலோ?"

"நான் குட்டியோட சித்தி பேசுறேன்."

"அங்க எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?"

"நல்லா இருக்கோம். ஊர்லதான் ஒரு பிரச்சினை."

"எந்த ஊர்ல?"

"குட்டியோட ஊர்ல. கம்ப்யூட்டர்ல இருக்கே, அது."

"அடக் கடவுளே! ஒரு நிமிஷம் எனக்கு மூச்சே நின்னுபோச்சு. இருங்க, தலைவியைக் கூப்பிடுறேன்."

குட்டி வந்ததும் முதலில் கேட்டது, "யாரு போயிட்டாங்க?"

"கொல்லரு. அப்புறம் மீன்காரம்மா."

"வாத்தியாரு?"

"இருக்காரு. ஆனா இன்னிக்கும் பள்ளிக்கூடம் போகல. கோழிங்க மட்டும் வந்து நின்னுட்டுப் போச்சு."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நானே சரி பண்ணிடலாம்னு நெனச்சேன்."

"அது என் ஊரு."

"ஆமா."

சித்தி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். கட்டில், ஏணி, காலி என்ற கணக்கு எல்லாம். குட்டி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எதுக்கு அங்க போட்டீங்க?"

"உனக்காக."

"எனக்குத்தான் ஆத்தோரம் குடிசை இருக்கே."

"இருக்கு. ஜன்னல்லேர்ந்து ஊரே தெரியுதேன்னு போட்டேன்."

குட்டி அம்மாவின் கைபேசியில் விளையாட்டைத் திறந்தாள். சித்தியின் திரையில் சிவப்புத் தொப்பி போட்ட சின்ன உருவம் ஒன்று தோன்றி, மில்லுக்குள் நுழைந்து ஏணியில் ஏறியது. கட்டிலைத் தாண்டி ஜன்னலில் போய் நின்றது. வெகு நேரம் அப்படியே நின்றது.

"எடுத்துடு குட்டி" என்றாள் சித்தி.

"வாத்தியார் வீட்டுக் கோழிக்கூடு கூடத் தெரியுது."

உருவம் கட்டிலைத் தொடாமல் இறங்கிவிட்டது. சித்தியின் திரையில் ஒரு வரி மின்னியது: நீங்கள் இனி இந்த ஊர்வாசி.

"கட்டில் இருக்கட்டும். நீங்க படுங்க" என்றாள் குட்டி. "ஊர்க்காரங்க படுத்தா அவங்க பேர்ல ஆயிடும். பகல்லகூட காலின்னு காட்டாது."

"சரி."

"கொல்லரு வரமாட்டாரு. எனக்கு இன்னும் கோபம்தான்."

"கோபப்படு."

போன் வைக்கப்படவில்லை. திரையில் பொழுது சாய்ந்தது, மணி அடித்தது, வேலியோரம் கூட்டம் சேர்ந்தது. சித்தி தன் உருவத்தை ஏணியில் ஏற்றி நீலப் போர்வைக்குள் படுக்கவைத்தாள். யாராலும் ஏறிவர முடியாத கட்டிலில் ஊர்வாசி ஒருத்தி படுத்ததும் அது காலிக் கணக்கிலிருந்து நீங்கியது. வேலியில் மூக்கு உரசி நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, தங்களால் எட்டக்கூடிய அடுத்த கட்டிலுக்கு நடந்தார்கள். வாத்தியாரும் போய்ப் படுத்தார்.