குழலில் இல்லாத முத்திரை

செத்துக் கிடந்த அப்பாவின் டையை ஓதெட் மறுபடியும் அவிழ்த்துக் கட்டினாள். சவப்பெட்டியை மூடும் நேரம் வந்துவிட்டது. வெளியே கூலிக்குத் தூக்கும் ஆட்கள் சவ வண்டியோரம் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களையே தூக்கச் சொல்லிடு," என்றாள் அத்தை ஜெர்மேன். "நம்ம தெருக்காரங்க வரமாட்டாங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம் அத்தை."

லியேஜ் நகரை ஒட்டிய அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி ஆலைக்காரர்கள். யார் செத்தாலும் ஆலை ஆட்கள்தான் தோள் கொடுப்பார்கள். கூலி ஆள் தூக்கினால் அது நாதியற்ற சாவு. ஓதெட்டின் அப்பா அர்சேனும் அந்த ஆலையில் துப்பாக்கிக் குழல் கடைந்தவர்தான். பிறகு படித்து, ஆயுத ஏற்றுமதிக்கு உரிமம் கொடுக்கும் அரசு அலுவலகத்தில் சேர்ந்தார். பொதுமக்களைக் கொல்லத்தான் போகிறது என்று தெரிந்தால் ஆயுதம் விற்கக் கூடாது என்று உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேருக்கு அது சுவரில் மாட்டிய படம். அர்சேன் அதை நிஜமென்றே எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஆலைக்குப் பெரிய ஆர்டர் வந்தது. சரக்கு போய்ச் சேரும் ராணுவ முகாம் என்று காட்டிய இடத்துக்கு அவர் நேரிலேயே போனார். அங்கே இருந்தது ஒரு கோழிப்பண்ணை. முகவரி பொய், துப்பாக்கிகள் வேறு யார் கைக்கோ போகப்போகின்றன என்று புரிந்தது. உரிமம் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஆலையில் பாதி மூடப்பட்டது. சொந்தத் தம்பி லாம்பேருக்கே வேலை போயிற்று. தம்பி பேச்சை நிறுத்தினார், தெருவும் நிறுத்தியது. அர்சேன் வீடு மாறவில்லை. தினமும் ரொட்டி வாங்கப் போகையில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். பதில் வராத வணக்கத்தைச் சாகும்வரை சொல்ல நெஞ்சுரம் வேண்டும். ஓதெட்டுக்கு அதில் எரிச்சலும் உண்டு, பெருமை அதைவிட அதிகம்.

கதவைத் தள்ளிக்கொண்டு லாம்பேர் வந்தார்.

"கூலி ஆளுங்க எதுக்கு நிக்கிறானுங்க?"

"நீங்க வருவீங்கன்னு யாருக்குத் தெரியும், சித்தப்பா?"

அவர் அண்ணனையே பார்த்தார். "பிடிவாதக்காரன். செத்தும் பாரு, மொகத்துல 'முடியாது'ன்னே எழுதியிருக்கு."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த ஆர்டர வேற நாட்டு ஆலைக்காரன் எடுத்தான்," என்றார் லாம்பேர். "போன வருஷம் பேப்பர்ல படம் வந்துச்சு. அந்தச் சரக்க வெச்சுத்தான் சந்தைக்கு வந்த சனங்களச் சுட்டிருக்கானுங்க. புடிச்ச துப்பாக்கிய எல்லாம் தரையில பரப்பி வெச்சிருந்தாங்க. பூதக்கண்ணாடி வெச்சு ஒவ்வொரு குழலாப் பாத்தேன்."

"எதுக்கு சித்தப்பா?"

"ஆலையில நான் கடைஞ்ச குழல்ல எல்லாம் என் முத்திரைய அடிச்சிருப்பேன்ல. அது இருக்குமோன்னுதான். இல்ல. ஒண்ணுலகூட இல்ல. இவன் மட்டும் சரின்னு சொல்லியிருந்தா எல்லாத்துலயும் இருந்திருக்கும்."

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும். படியேற வெக்கமா இருந்துச்சு."

ஓதெட் அழுதுவிட்டாள். லாம்பேர் கதவைத் திறந்து கையசைத்தார். தெருவின் ஆலை ஆட்கள் ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெட்டியை மூடித் தோளில் ஏற்றினார்கள்.

சர்ச்சுக்கு இடப்பக்கம் போக வேண்டும். முன்னால் நின்ற லாம்பேர் வலப்பக்கம் திரும்பினார்.

"சர்ச் இந்தப் பக்கம்ங்க," என்றான் வண்டிக்காரன்.

தூக்கியவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். வலப்பக்கம் இருப்பது ஆலை. கடைசிவரை ஆலையில் உழைத்துச் செத்தவர்களை மட்டும்தான் அந்த வழியாகக் கொண்டுபோய், வாசலில் ஒரு நிமிஷம் இறக்கி வைப்பார்கள்.

இறக்கி வைத்தார்கள். காவல்காரர் கூண்டைவிட்டு வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார். பிறகு, பெரிய கதவின் இரண்டு பக்கத்தையும் மெல்லத் திறந்து வைத்தார்.