வெள்ளிக்கிழமைப் போத்தல்கள்

வளரவே கூடாத பக்டீரியா வெள்ளிக்கிழமை மட்டும் வளர்ந்தால் எந்த மனுஷிக்குத்தான் கோபம் வராது?

தேயிலை இலை மேல் குடியிருக்கும் இளஞ்சிவப்புப் பக்டீரியா அது. இலை வெளியே விடும் மெதனோலைத் தின்று பிழைப்பது. அதற்கு உதவும் ஜீனை நான் வெட்டி எடுத்துவிட்டேன். மெதனோல் மட்டும் கொடுத்தால் பட்டினி கிடக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை தயாரித்த போத்தல்களில் மூன்றே நாளில் கொழுத்துச் சிவந்து நின்றது. வெட்டியதையும் வெட்டாததையும் நான் கலந்துவிட்டதாக என் மேற்பார்வையாளர் கஜேந்திரன் சேர் முடிவே கட்டிவிட்டார். மாத முடிவுக்குள் காரணம் சொல்லாவிட்டால் என் பட்டம் அம்போ.

கொட்டகலையில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் போத்தல் கழுவுகிறவர் இராமையா அண்ணன். முப்பது வருடம் தேயிலை ஃபெக்டரி மெஷினுக்கு வெள்ளிதோறும் சூடம் காட்டியவர். இங்கே வந்த பிறகு, கழுவித் திறந்து வைத்த போத்தல்களுக்குக் காட்டுகிறார். வளர்ந்தது சாமி அருள் என்று அவரும், அந்தச் சாமிதான் என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறது என்று நானும் வாரக்கணக்கில் மல்லுக்கு நின்றோம்.

அப்போது அவருடைய சித்தப்பா தவறிவிட்டார்.

"தீட்டு மிஸ். பதினாறு நாளைக்குச் சூடத்தைத் தொட மாட்டேன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமைப் போத்தல்கள் தெளிந்த தண்ணீராகவே கிடந்தன. நான் ஆடிப்போனேன். திங்கட்கிழமை நானே நெருப்புக்குச்சி கிழித்துச் சூடம் காட்டினேன். ஒன்றும் வளரவில்லை. பிறகு வெட்கத்தை விட்டு, அவர் சூடம் பற்றவைக்கும் லைட்டரை இரவல் கேட்டேன். எங்கள் ஊர் ஈரக்காற்றில் அந்தச் சனியன் பத்துத் தடவை உரசினால்தான் பற்றும். சூடமே இல்லாமல், வெறும் போத்தல் வாய்களுக்கு மேல் உரசோ உரசென்று உரசினேன். கட்டைவிரல் தோல் உரிந்துவிட்டது. மூன்றாம் நாள் எல்லாம் சிவப்பு.

லைட்டர் கல்லில் செரியம் என்ற உலோகம் இருக்கிறது. உரசும்போது போத்தலுக்குள் உதிரும் அதன் தூள் துளியளவு கிடைத்தால் போதும், இந்தக் கள்ளப் பக்டீரியா பழைய ஜீன் இல்லாவிட்டாலும், செரியத்தை வைத்து மெதனோல் தின்னும் வேறொரு ஜீனைத் திறந்துகொள்கிறது. நான் வெட்டியது பழையதை மட்டும்தான்.

கஜேந்திரன் சேர் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அறிக்கையில் தன் பெயரை முதலில் போடவும் மறக்கவில்லை.

இராமையா அண்ணனுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தீட்டு கழிந்த வெள்ளிக்கிழமை, ஒரு கையில் லைட்டரும் மறு கையில் நெருப்புப்பெட்டியுமாக வந்து நின்றார்.

"மிஸ், இன்னைக்கு அதுங்க வளரணுமா, வேணாமா?"