பட்டி உறங்கிருச்சு

"உஸ்..." என்று உதட்டில் விரலை வைத்துக்கொண்டு சினேகா கூடத்தின் நடுவில் நின்றாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். இழவு வீட்டில் அழுகிறவர்களை அடக்கி உட்காரவைத்த ஆறு வயதுப் பிள்ளையைக் கம்பம் ஊரில் அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"தாத்தா உறங்குறாக. சத்தம் போட்டா முழிச்சிருவாக" என்றாள்.

பெஞ்சில் கோட்டைச்சாமி கிடந்தார். முப்பத்தைந்து வருஷம் கம்பத்திலிருந்து மலையேறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் டிரைவர். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். குளிப்பாட்டியாயிற்று, மாலை போட்டாயிற்று. பேரப்பிள்ளை நெய்ப்பந்தம் பிடித்து மூன்று சுற்று வந்துவிட்டால் தூக்கிவிடலாம். பேரப்பிள்ளை என்று இருப்பது சினேகா ஒருத்திதான். அவளோ பந்தத்தைக் கையால் தொட மறுத்துவிட்டாள். வெளிச்சம் கண்ணில் பட்டால் தாத்தா எழுந்துவிடுவாராம்.

கோட்டைச்சாமிக்கு மகன் இல்லாததால் அண்ணன் மகன் நல்லகண்ணுதான் காரியம் செய்தான். அவன் இரண்டு தரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு வேல்விழியிடம் வந்தான். நீதான் பெத்தவ, பிள்ளைக்கு எடுத்துச் சொல்லு, பொழுது இறங்குது என்றான்.

வேல்விழிக்குச் சொல்ல வாய் வரவில்லை. காரணம் சினேகாவின் கையிலேயே இருந்தது. அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் டீசல் கறை ஏறிய ஒரு மலையாளப் படப் புத்தகம். காலையில் வாசலில் நின்ற ஜீப்பில் ஏறி அவளே எடுத்து வந்திருந்தாள்.

அந்தப் புத்தகம் எழுபத்தொன்பதில் வந்தது. வேல்விழிக்கு அப்போது ஐந்து வயது. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஏசுதாசன், அப்பாவின் ஜீப்பில் வந்து இறங்கும்போது உன் பிள்ளைக்குக் கொடு என்று கொடுத்து, படித்தும் காட்டினாராம். மூன்று பிள்ளைகளும் ஒரு நாயும் காடு மேடெல்லாம் சுற்றுகிற கதை. ஏழாவது பக்கத்தில் பலாமரத்தடியில் நாய் படுத்திருக்கும். பக்கத்தில் ஒரு பள்ளம். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். "பட்டி உறங்கிருச்சு" என்று அந்தப் பக்கத்தை அப்பா படிப்பார். ஊரே உறங்கிவிட்டது, அதனால்தான் பிள்ளைகள் சத்தம் போடாமல் நிற்கிறார்கள் என்பார். ராயப்பன்பட்டி, பழனிசெட்டிபட்டி என்று திரும்பிய பக்கமெல்லாம் பட்டியாக இருக்கிற ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு அதில் என்ன சந்தேகம் வரும்?

புத்தகம் வீட்டுக்குள் வந்த எட்டாம் நாள் வேல்விழியின் தம்பி, மூன்று மாதக் கைக்குழந்தை, காய்ச்சலில் போய்விட்டான். குழியைப் படமாகப் போட்ட புத்தகத்தை வீட்டில் வைத்தால் விளங்குமா என்று தெருவே பேசியது. பால்வாடிக்குக் கொண்டுபோனபோது டீச்சரம்மா தொடாமலே திருப்பி அனுப்பினாள். அம்மா ஜக்கம்மா அதை வாசலுக்கு வெளியே வீசினாள். அப்பா பொறுக்கி ஜீப்புக்குள் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கதை படிப்பதென்றால் ஜீப்பில்தான். வேல்விழிக்குப் படித்தார், பிறகு சினேகாவுக்கும் படித்தார்.

கல்யாணமாகிக் குமுளிக்குப் போன பிறகுதான் மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்று வேல்விழிக்குத் தெரிந்தது. அப்பா ஜீப்பில் வந்திருந்த ஒருநாள் பக்கத்து வீட்டு மலையாளத்துப் பெண்ணிடம் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். "பட்டி சத்து" என்று அவள் படித்தாள். நாய் செத்துவிட்டது. பாதி வார்த்தையை அப்படியே வைத்துக்கொண்டு மீதியை அப்பா மாற்றியிருக்கிறார். வேல்விழிக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அப்பாவைக் கேட்கவும் இல்லை. தெரிந்த பிறகும் சினேகாவுக்கு அவளும் அப்படியேதான் படித்தாள். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாற்றிச் சொல்வது?

"அந்தப் பொஸ்தகத்தை இங்கன கொண்டா" என்றாள் ஜக்கம்மா.

சுவரோரம் காலையிலிருந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள். சினேகா தயங்கித் தயங்கிப் போய் அம்மாச்சியின் மடியில் புத்தகத்தை வைத்தாள். ஜக்கம்மாவுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. பக்கங்களைப் புரட்டினாள். ஏழாவது பக்கம் வந்ததும் பள்ளத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது குழி, ஆத்தா. இந்த நாய் செத்துப்போச்சு. புள்ளைக அழுதுக்கிட்டு நிக்குதுக."

"உறங்குதுன்னு தாத்தா சொன்னாகளே."

"தாத்தாவும் செத்துப்போனாக. இனி வெளிச்சம் பட்டாலும் முழிக்க மாட்டாக. சத்தம் போட்டாலும் முழிக்க மாட்டாக."

சினேகா பெஞ்சைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "அப்ப தாத்தா பொய் சொன்னாகளா?"

"ஒனக்கு மட்டுமா சொன்னாக" என்றாள் ஜக்கம்மா. பிறகு மகளைப் பார்த்தாள். "ஒந்தம்பிய இவுகதான் துணியில சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனாக. எங்கன வச்சாகன்னு எங்கிட்டச் சொல்லவே இல்லடி. கேக்கும்போதெல்லாம், உறங்குறான், விடுன்னாக. இனி யாரப் போயிக் கேப்பேன்?"

புத்தகத்தை ராசியில்லாதது என்றுதான் அம்மா வெறுத்தாள் என்று இருபத்தைந்து வருஷமாக வேல்விழி நினைத்திருந்தாள். எழுத்துத் தெரியாத அம்மா ஒருத்திதான் அந்தப் பக்கத்தைச் சரியாகப் படித்திருந்தாள். அதை வெளியே வீசியவளைப் பார்த்து அப்பாவும் தானும் ஜீப்புக்குள் உட்கார்ந்து சிரித்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அப்பாவின் மேல் முதல்முறையாகக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் அவள் அன்றைக்கு முதன்முதலாக வாய்விட்டு அழுதாள்.

யாரும் அவளை அடக்கவில்லை. சினேகா நல்லகண்ணுவிடம் போய்க் கையை நீட்டினாள். பந்தம் கனத்தது. வேல்விழியின் புருஷன் பாண்டியராஜன் மகளின் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தான். மூன்றாவது சுற்றில் அவள் நின்று தாத்தாவின் கண்ணுக்கு நேராகப் பந்தத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தாள். பிறகு தானாகவே நகர்ந்தாள்.

தெரு முக்கு வரைதான் பெண்கள் போகலாம். அங்கே தூக்கிச் செல்கிறவர்கள் திரும்பும்போது ஜக்கம்மா மருமகனைக் கூப்பிட்டாள்.

"மாப்ள, எங்கன வைக்கிறீகன்னு நல்லா அடையாளம் பாத்துட்டு வாங்க. எனக்குச் சொல்லணும்."

பாண்டியராஜன் சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டான்.

பெண்கள் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவி முடித்தபோது ஆண்கள் ஆற்றில் முழுகிவிட்டுத் திரும்பினார்கள். பாண்டியராஜன் தலைகூடத் துவட்டாமல் ஜக்கம்மாவிடம் வந்தான். மயானத்துக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம், வாய்க்காலை ஒட்டி, இரண்டாவது வேப்பமரத்துக்குக் கிழக்கே என்றான். அவளுக்குப் பிடிபடவில்லை. மறுபடியும் சொன்னான். அப்போதும் அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். வேட்டி நுனியிலிருந்து சொட்டிய தண்ணீரை விரலால் தொட்டுச் சிமெண்டுத் தரையில் ஒரு கோடு இழுத்தான். அது வாய்க்கால். இரண்டு வட்டம் போட்டான், மரம். அதற்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கட்டம்.

ஜக்கம்மா குனிந்து பார்த்தாள். வேல்விழி காப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பாண்டியராஜன் எழுந்து போய்விட்டான். கோடு ஒரு முனையிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. ஜக்கம்மா தம்ளருக்குள் விரலை நனைத்து, காய்ந்த இடத்தின் மேல் மறுபடியும் இழுத்தாள்.