ஒரு குமிழும் ஏழு கடைகளும்

நடு மாடியில் சிக்கிக்கொண்ட லிஃப்ட்கூட அந்த மெக்கானிக்கின் கை பட்டால் சொன்ன பேச்சைக் கேட்கும். அப்படிப்பட்டவரை ஒரு சின்னப் பிளாஸ்டிக் குமிழ் ஐந்து நாளாகத் தெருத் தெருவாக அலைய விட்டது.

அது அண்ணனுடைய எலெக்ட்ரிக் கிட்டாரின் குமிழ். அண்ணனைவிட வயதில் மூத்த கிட்டார். பதினேழு வயதில் யாரிடமோ பழையதாக வாங்கியது. அதை அவர் எவருக்கும் இரவல் கொடுத்ததில்லை. தம்பி மெக்கானிக்குக்கு என்றால் கேட்கவே வேண்டாம். "உன் கையில குடுத்தது எதுடா உருப்பட்டிருக்கு?" என்பது முப்பத்தைந்து வருடப் பல்லவி. இந்த முறை தம்பி மகளின் பள்ளி விழா என்பதால் மனம் இரங்கினார். "ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன். குடுத்த மாதிரியே இருக்கணும்."

விழா நல்லபடியாக முடிந்தது. அத்தோடு கிட்டாரை உறையில் போட்டிருந்தால் வம்பில்லை. ஆனால் வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்றது. கரகரப்பைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மெக்கானிக்கால் முடியுமா? உள்ளே சுத்தம் செய்யலாமென்று ஸ்பூன் காம்பை அடியில் கொடுத்து நெம்பினார். டக்கென்று குமிழ் நாலு துண்டானது. துண்டுகளை மனைவி குப்பையோடு குப்பையாகப் பெருக்கித் தள்ளிவிட்டாள்.

மிச்சமிருந்த டோன் குமிழை, பட்ட பிறகு வந்த புத்தியோடு, துணியைச் சுற்றி மெல்ல உருவினார். இரண்டும் ஒரே பழுப்பு நிறம். விரல் அழுக்கேறி இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தவைதான். இதை மாதிரியாகக் காட்டினால் ஜோடி கிடைத்துவிடும் என்று நம்பினார்.

முதல் கடைக்காரர் சிரித்தார். "இந்த வயசு நாப் தேடுறதுக்கு புது கிட்டாரே வாங்கிடலாம் சார்."

இரண்டாவது கடையில் ஒரு பை நிறையக் குமிழ்களைக் கொட்டினார்கள். ஒன்றுகூட ஒத்துவரவில்லை. மூன்றாவது கடையில், "ஆர்டர் போட்டா ஒன்றரை மாசம்" என்றார்கள். நான்காவது கடைக்காரர் குமிழை உற்றுப் பார்த்து, "ஓட்டை பெருசா இருக்கே. உள்ள பேப்பர் வேற திணிச்சிருக்கு. யார் செஞ்ச வேலை இது?" என்று இவரையே திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஐந்து, ஆறு எல்லாம் கையை விரித்ததோடு சரி.

"ஏழு மாடியைத் தூக்குறவருக்கு ஒரு நாப் கிடைக்கலையாக்கும்" என்றாள் மனைவி. "கேஸ் அடுப்புல இருந்து ஒண்ணைக் கழட்டி மாட்டுங்க. உங்கண்ணன் வாசிச்சா பால் பொங்கும்."

"நீ வேற ஏன்டி வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சுற?"

சனிக்கிழமை மாலை ஏழாவது கடை. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த பெண், இவர் முகத்தைப் பார்த்து நின்றாள். குமிழை விளக்கருகே பிடித்துத் திருப்பினாள்.

"எங்ககிட்ட இல்லண்ணா. ஆனா பின்தெருவுல ரேடியோ ரிப்பேர் தாத்தா ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட காட்டிப் பாருங்க." ஒரு பில்லின் பின்புறத்தில் வழியையும் வரைந்து கொடுத்தாள். கடவுள் எல்லா நேரமும் கதவைத் திறப்பதில்லை. சில நேரம் இப்படி அம்புக்குறி மட்டும் போட்டுக் கொடுக்கிறார்.

ரேடியோக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குமிழைத் தடவினார். "இது கிட்டாருது இல்லப்பா. ரேடியோ நாப். நடுவுல பள்ளம் இருக்கு பாரு, அதுல ஒரு பித்தளை நட்சத்திரம் இருந்திருக்கணும்." தகர டப்பாவைக் கிளறி இன்னொன்றை எடுத்து வைத்தார். அதன் நடுவில் நட்சத்திரம் மினுங்கியது.

மெக்கானிக்குக்கு முதுகு சுரீரென்றது. அப்பாவின் ரேடியோ! ஒருநாள் அதன் நட்சத்திரக் குமிழ் காணாமல் போனது. "சின்னவன்தான் தொலைச்சிருப்பான்" என்று பெல்ட் பேசியது. அதன் பிறகு வருடக்கணக்கில் குறடு வைத்துத்தான் ஸ்டேஷன் மாற்றினார்கள். அண்ணனின் அந்தப் பல்லவி பிறந்ததும் அன்றுதான்.

"எவ்வளவுங்க?"

"செத்த ரேடியோவோடது. அதுக்கு என்னப்பா காசு? எங்கேயாவது சுத்திட்டிருந்தா போதும்." காகிதம் மடித்துத் திணித்துப் பொருத்தமும் பார்த்துக் கொடுத்தார்.

அந்தக் கருணைகூட வழிநெடுக மெக்கானிக்கின் கொதிப்பை ஆற்றவில்லை. 'நாளைக்கு வரட்டும். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி.'

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து கிட்டாரை மடியில் வைத்தார். விரல் பழக்கமாக வால்யூமுக்குப் போனது. நட்சத்திரத்தைத் தொட்டதும் அப்படியே நின்றது. முகம் வெளுத்தது.

கேட்க வேண்டிய நாலு கேள்வியும் மெக்கானிக்கின் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் கணக்குப்படி முதல் குற்றவாளி இன்றைக்குத் தான்தானே என்று உறுத்தியது. அதைச் சொல்லாமல் அடுத்தவரைக் கேட்க வாய் வரவில்லை.

"வால்யூம் நாப்பை நான் உடைச்சுட்டேண்ணே. ஸ்பூனால நெம்பினேன்."

அண்ணன் தலை நிமிரவே இல்லை. "நானும் ஸ்பூனாலதான்டா நெம்பினேன்" என்றார். "டோன் நாப். அப்பாகிட்ட சொல்ல பயம். ராத்திரியோட ராத்திரியா ரேடியோல இருந்து கழட்டி, அடையாளம் தெரியக் கூடாதுன்னு நட்சத்திரத்தைப் பிடுங்கிட்டு மாட்டிட்டேன். மறுநாள் உன்னை அடிக்கிறப்ப, கதவுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன்."

"அப்ப அந்தப் பாட்டு? கையில குடுத்தது உருப்படாதுன்னு?"

"அதைச் சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்டா. மன்னிச்சுக்கோ."

முப்பத்தைந்து வருடக் கோபம் ஒரு வார்த்தையில் போய்விடுமா? போகவில்லை. ஆனாலும் மெக்கானிக் நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டார். "திருப்பிப் பாரு. இப்ப கரகரக்காது."

இரண்டு தம்ளர் டீயோடு வந்த மனைவி, தட்டில் கிடந்த ஸ்பூனைக் கையோடு எடுத்துக்கொண்டாள்.

"சர்க்கரையை நானே கலக்கிட்டேன். உங்க ரெண்டு பேர் கையிலயும் இனிமே இதைக் குடுக்கறதா இல்ல."